மான்செஸ்டரிலிருந்து அப்பிச்சிக்கு

மான்செஸ்டர்
9.11.2024

அன்புள்ள அப்பிச்சிக்கு,

நான் நலம். நீங்களும் அம்மிச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை மாமா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம். "நம்ம ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர்ங்கறாங்களே, நெசமான மான்செஸ்டர் எப்படி இருக்குதாம்?" என்று போன வாரம் கேட்டீர்களாம். "ஒரே குளிராமா" என்று அவரே பதிலும் சொல்லி முடித்துவிட்டாராம்.

குளிர் உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே. சுருக்கமாகச் சொன்னால், இங்கே மில் இருக்கிறது, நூல் இல்லை. ஆன்கோட்ஸ் என்று ஒரு பகுதி. கால்வாய் ஓரமாக வரிசையாகச் செங்கல் மில்கள், பல ஆறேழு மாடி, பழையவை 1800-ஐ ஒட்டிக் கட்டியவை. உள்ளே வெளிச்சம் வேண்டும் என்று அன்றைக்கு வைத்த பெரிய பெரிய ஜன்னல்கள் இன்றைக்கு வாடகையை ஏற்றிவிடுகின்றன. பெரும்பாலும் அபார்ட்மெண்ட் ஆகிவிட்டன. கீழே காபிக் கடை. ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற பெரிய மண்டபத்தில்தான் ஒரு காலத்தில் உலகத்து நூல், துணி வியாபாரத்தில் பெரும்பங்கைப் பேசி முடித்தார்கள். இப்போது அதற்குள் நாடகக் கொட்டகை நடக்கிறது. ஆனால் உயரத்தில் விலைப்பலகையை மட்டும் கழற்றவில்லை. 1968-ல் கடைசியாக வியாபாரம் நடந்த நாளின் விலை அப்படியே நிற்கிறது. நாடகம் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். மில்லில் வேலை பார்த்த நீங்கள் வந்தால் நாடகத்தை விட்டுவிட்டு அதையே படித்துக்கொண்டு நிற்பீர்கள்.

துணியை உலகத்துக்கே விற்ற நாடு, 1958 வாக்கில் விற்பதைவிட வாங்குவது அதிகம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. முதல் உலகப் போருக்கு முன்னால் இவர்களின் பெரிய வாடிக்கையாளரே நாம்தான். நாமே மில் வைத்துக்கொண்டோம், அன்னியத் துணியையும் ஒதுக்கினோம். காந்தி 1931-ல் இந்தப் பக்கம் டார்வென் என்ற மில் ஊர் வரைக்கும் வந்தபோது, அவரால் வேலை போனது என்று கோபப்பட வேண்டிய மில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு உற்சாகமாகச் சத்தம் போடுகிற படம் ஒன்று இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த படம்.

இன்னொன்று உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தக் கணக்கு இந்த ஊர்க் கணக்கு. 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். ஆக, நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். கஜத்தையும் பவுண்டையும் நாம் எப்போதோ விட்டாயிற்று. ஆனாலும் கோயமுத்தூர் மில்லில் இன்றும் அதே நம்பர்தான். இங்கே அதைச் சொன்னால் புரிந்துகொள்ள ஆளில்லை.

போன மாதம் ஸ்டைல் என்ற கிராமத்துக்குப் போனேன். குவாரி பேங்க் மில், 1784-ல் ஆரம்பித்தது. இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், நாலைந்து மெஷின்களை ஓட்டியும் காட்டுகிறார்கள். ஓடுகிற மெஷினுக்கு அடியில் தவழ்ந்து பஞ்சுத் தூசியைக் கூட்ட அந்தக் காலத்தில் பிள்ளைகளை வைத்திருந்தார்களாம். அந்தப் பிள்ளைகள் தங்கியிருந்த வீடும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒன்று சொன்னார்கள். இந்தப் பக்கத்துத் தறிப் பெண்களுக்குச் சத்தத்தில் காது கேட்காது என்பதால், உதட்டை நன்றாகத் திறந்து மூடி, குரலே இல்லாமல் பேசிக்கொள்வார்களாம். வேலை விட்டு வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகாதாம். "சோறு போடு" என்பதை நீங்கள் உதட்டிலேயே சொல்வதும், சமையல்கட்டிலிருந்து அம்மிச்சி எட்டிப் பார்த்தே புரிந்துகொள்வதும் உடனே நினைவுக்கு வந்தன.

ஊரோடு ஊரை வைத்துப் பார்த்தால் பொருத்தம் எங்கே தெரியுமா? காற்றில். காய்ந்த காற்றில் இழை அறும் என்பீர்களே. இங்கே பென்னைன்ஸ் என்ற மலைத்தொடருக்கு மேற்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, அங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. மலை என்று சொல்கிறேனே தவிர, நீலகிரியைப் பார்த்தவர்கள் மதிக்கிற உயரம் இல்லை. மழை ஊர் என்று இதற்குப் பெரிய பெயர். வருடத்துக்கு 850 மில்லிமீட்டருக்குப் பக்கம்தான் பெய்கிறது. சென்னையில் இதைவிட எவ்வளவோ அதிகம். கொட்டித் தீர்க்காமல் நாளெல்லாம் தூறிக்கொண்டே இருப்பதுதான் பிரச்சினை. துணி காய்வதில்லை.

அப்புறம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு வேறு ஊரில் தாகமே அடங்காது என்று அம்மிச்சி பயந்தாரே, கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கும் மலைத் தண்ணீர்தான். தேர்ல்மியர் ஏரியில் அணை கட்டி, சுமார் 150 கிலோமீட்டர் தூரத்துக்கு மோட்டாரே இல்லாமல், வெறும் சரிவிலேயே 1894-ல் கொண்டுவந்துவிட்டார்கள். குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம். லண்டனில் தண்ணீர் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும், இங்கே படியாது. ஆனால் அந்த ஏரி இருக்கும் மாவட்டத்துக்காரர்கள் அன்றைக்குப் பெரிய எதிர்ப்பு காட்டினார்கள், சில வீடுகள் மூழ்கியும் போயின. அணை கேரளத்தில், குடம் கோவையில் என்று வருடா வருடம் நாம் படும் பாட்டை நினைத்தால், இவர்கள் நம்மை முந்திக்கொண்டவர்கள்தான்.

நாடு என்று பார்த்தால் இங்கிலாந்தும் தமிழ்நாடும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டும் சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். ஆளெண்ணிக்கையில் நாம் பெரிது: 2011 கணக்குப்படியே நாம் 7.2 கோடி, இங்கிலாந்து 2021-ல் 5.6 கோடி. லண்டன் இவர்களுக்குச் சென்னை மாதிரி. எல்லாப் பணமும் அங்கேதான் போகிறது என்று இந்த ஊர்க்காரர்கள் டீக்கடையில் பேசுவதைக் கேட்டால் காந்திபுரத்தில் நிற்பதுபோல இருக்கும். போன வருடம் அக்டோபரில், வேக ரயில் இனி மான்செஸ்டர் வரைக்கும் வராது என்று அரசாங்கம் அறிவித்தது. அறிவித்த இடம் மான்செஸ்டர். அதுவும் பழைய ரயில் நிலையம் ஒன்றை மாற்றிக் கட்டிய மண்டபம். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. லிவர்பூலோடு இவர்களுக்குப் பழைய பகை வேறு. துறைமுகத்தில் கட்டணம் அதிகம் கேட்கிறார்கள் என்று, 58 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் கப்பலையே ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அதுவும் 1894-தான்.

ஒரு விஷயம் மாமாவிடம் படித்துக் காட்டுங்கள். என்னோடு நைட் ஷிப்ட் பார்க்கும் அக்காவின் அப்பா 1960-களில் பாகிஸ்தான் பக்கத்து மிர்ப்பூரிலிருந்து, மான்செஸ்டரை ஒட்டிய மில் ஊரான ஓல்டாமுக்கு வந்தவர். புது மெஷின் வாங்கிய முதலாளிகளுக்குப் போட்ட காசை எடுக்க ராவும் பகலும் ஓட்ட வேண்டியிருந்தது. ராத்திரிக்கு உள்ளூர் ஆட்கள் வரவில்லை. அதனால் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் அந்த ஷிப்டில் நின்றார்கள். மில் மூடியதும் டாக்சி, ஓட்டல் என்று பிரிந்துபோனார்கள். இப்போது நம்ம ஊர் மில்லில் முழு நைட் பார்ப்பது ஒடிசா, பீகார் பையன்கள். அவர்களைப் பற்றி மாமா பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். அதே பேச்சை என் காதுபட என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கே பஸ்ஸில் உண்டு.

நம்ம பக்கம் 2020 ஊரடங்கில் நின்ற பழைய மில்கள் சில திறக்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். மோட்டார், பம்பு, கிரைண்டர் என்று கோவை எத்தனையோ வேலை கற்றுக்கொண்ட ஊர், அதனால் தாங்கும். ஆனாலும் அந்த இடங்களில் அபார்ட்மெண்ட் வருகிறதா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. ஓல்டாமில் பிளாட் பிரதர்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய நெசவு, நூற்பு மெஷின் கம்பெனி அதுதான், நம் நாட்டுக்கும் நிறைய அனுப்பினார்கள். லட்சுமி மெஷின் வொர்க்ஸ் நம்ம ஊரில் வந்ததே 1962-ல்தான். நீங்கள் மில்லில் சேர்ந்தபோது ஓட்டிய ரிங் பிரேமில், அந்த நூற்பு மெஷினில், யார் பெயர் வார்த்திருந்தது? மாமாவை நம்ப வேண்டாம், நீங்களே ஒரு காகிதத்தில் எழுதி, தம்பியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இந்த மாதப் பணம் பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிடும். காது மெஷினுக்கென்று தனியாகச் சேர்த்து அனுப்புகிறேன். அதை அம்மிச்சி வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி