உன் ட்வீசரை எடுத்தது நான்தான்

அன்புள்ள பாப்பா,

இழுப்பறையில் வைத்துவிட்டுப் போன ட்வீசரைக் காணோம் என்று அம்மாவிடம் கேட்டாயாம். அவளைத் திட்டாதே, எடுத்தது நான்தான். இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் வெர்பீனாவுக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதே. வெர்பீனாப் பூவின் குழல் அவ்வளவு ஒல்லி. என் விரலுக்கு அடங்காது. மகரந்தப் பைகள் நான்கும் குழலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். விரிவதற்கு முன்பே மொட்டின் இதழைப் பிடித்து மெல்ல உருவினால், குழலோடு அவையும் வந்துவிடும். நடுவில் சூல்முடி மட்டும் நிற்கும். அதில் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, என் பழைய வேட்டித் துணியால் மூடிக் கட்டுவேன். இவ்வளவு பாடுபட்டாலும் ஒரு பூவுக்கு நான்கு விதைக்கு மேல் கிடையாது.

முதல் வருடம் முழுக்க வீண். நெட்டையாக வளரும் ஊதா வெர்பீனாவோடு நம் தொட்டி வெர்பீனாவைச் சேர்க்கப் பார்த்தேன், ஒரு விதைகூடப் பிடிக்கவில்லை. அப்புறம் படித்துப் பார்த்தால், ஒன்றுக்குக் குரோமோசோம் ஐந்தின் மடங்கு, மற்றதற்கு ஏழின் மடங்கு. தொட்டிச் செடியைக் கிளாண்டுலேரியா என்று தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்களாம். பெயர் மட்டும்தான் ஒன்று!

சரி, இரண்டாம் முறை கேமரன் மலையில் வாங்கிய வெள்ளையை அம்மாவாக வைத்தேன். பக்கத்து வீட்டு ஐந்தடியில், அதுதான் வாசல் நடைபாதையில், யாரும் கவனிக்காமலே படர்ந்து கிடக்கும் ஊதாதான் அப்பா. விதைத்து, இருட்டாக இருக்கட்டும் என்று விதைத்தட்டை நாளிதழால் மூடினேன். ஒன்பது முளைத்தன. ஒன்று இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளைக் கண். அதைப் பார்க்க எதிர்வீட்டு ஆன்ட்டிகூட வந்தார். அக்டோபரில் நம்ம பினாங்கு ஆயர் ஈத்தாம் மழை தெரியும்தானே? வெள்ளைக் கண்காரிக்கு முதலில் சாம்பல் நோய், பின்னால் வேர் அழுகல். பத்து நாளில் போய்விட்டாள். மனசே ஆறவில்லை.

மழை ஓய்ந்தபோது நிமிர்ந்து நின்றது ஒன்றே ஒன்று. வெளிர் ஊதா, சின்னக் கொத்து. அழகில் ஐந்தாம் இடம்தான் கொடுப்பேன். உன் அம்மாவோ, "இந்த உண்ணிப்பூவுக்கா இத்தனை கூத்து?" என்கிறாள். தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாள், உண்ணிச்செடியும் வெர்பீனா குடும்பம்தான். ஆனால் இந்த ஊருக்கு எனக்கு வேண்டியது இவள்தான். தண்டை ஒடித்து நட்டுப் பன்னிரண்டு தொட்டியாக்கிவிட்டேன். விதை போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு நிறத்தில் வரும், அதனால் தண்டு மட்டும்தான்.

மாமா போன் போட்டு, உடனே பதிவு செய், யாராவது திருடிவிடுவான் என்கிறார். மலேசியாவின் 2004 புதுத் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டப்படி புது ரகம் என்றால் புதிதாக இருக்க வேண்டும், மற்றவற்றிலிருந்து வேறுபட வேண்டும், எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தலைமுறை தாண்டியும் மாறக் கூடாது. ஒரு மழைக்காலம் தாண்டிய செடியை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது? இன்னும் இரண்டு அக்டோபர் பார்க்கட்டும். பெயரும் அதுவரை வேண்டாம். நீ குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட பெயரை முதலில் அழி.

தீபாவளிக்கு வரும்போது பெர்த்திலிருந்து வெர்பீனாத் தண்டு கொண்டுவருகிறேன் என்றாயே, அனுமதி இல்லாமல் செடி கொண்டுவரக் கூடாது, ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளாதே. முனை கூரான ட்வீசர் இரண்டு போதும். ஒன்று உனக்கு.

அன்புடன்,
அப்பா