குவாரிக்குப் போகும் தீசிஸ்

கிருஷ்ணகிரி

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அங்கேயும் பிசியாலஜி (உடலியங்கியல்) எம்.டி.யில் சேர்பவர்கள் வேறு துறை கிடைக்க அடுத்த நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே நாளைத் தள்ளுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். இங்கும் அதே கதைதான். ஆனால் இந்த வருடம் வந்த பெண் பிசியாலஜிதான் வேண்டும் என்று வந்தவள், மூன்று வருடமும் உருப்படியாகப் போக வேண்டும், அதனால் அவள் தீசிஸ் தலைப்பு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகளையே உட்காரவைத்து, பரீட்சைக்கு முன் ஒரு பி.பி., பின் ஒரு பி.பி. என்று எத்தனை காலம் அளப்பது, நீயே சொல்.

ஊரைச் சுற்றி கிரானைட் குவாரி, ஜல்லி கிரஷர். அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரல்தான் அவள் தலைப்பு. கல்லை உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் இறங்கிவிட்டால் வேலையை விட்ட பிறகும் தழும்பு கூடிக்கொண்டே போகலாம், அதைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. 1846-இல் வெளியான ஆய்வுக்காக ஆங்கில மருத்துவர் ஹட்சின்சன், ஊதும் காற்றை அளக்கும் தன் ஸ்பைரோமீட்டரில் மாலுமி, போலீஸ்காரர், மல்யுத்த வீரர் என்று 2,000 பேருக்கு மேல் ஊதவைத்துப் பார்த்தார். நாம் அதைப் பாடமாக நடத்திவிட்டு லேபுக்குள்ளேயே இருக்கிறோம்.

அவள் எழுதி வந்த திட்டத்தில் இப்போது குவாரியில் வேலை பார்ப்பவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அங்கேதான் நிறுத்தச் சொன்னேன். மூச்சு வாங்கினவர் எப்போதோ வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார், தாக்குப்பிடித்தவர்களை மட்டும் அளந்தால் எஃப்.இ.வி.1 (முதல் ஒரு நொடியில் ஊதும் காற்றின் அளவு) நன்றாகத்தான் வரும், தூசியால் பெரிய பாதிப்பில்லை என்று நம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுவோம். அந்தத் தவறை நாம் செய்யக் கூடாது, கலா. அதனால் வேலையை விட்டவர்களையும் ஊர் ஊராகத் தேடிப் போகப்போகிறாள். நோயின் ஆரம்பத்தில் ஊதும் அளவு சரியாகவே இருந்துவிடும் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும் சேர்த்தாயிற்று. பீடிக் கணக்கு தனியாக. ஒப்புதல் படிவம் தமிழிலும் தெலுங்கிலும் தயார், வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியில் எழுத ஆள் தேடுகிறோம்.

அப்புறம், ஊதவைப்பது லேசான வேலை இல்லை என்று உனக்கே தெரியும். மூன்று தடவை ஒழுங்காக ஊத வேண்டும், அதில் பெரிய இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும், பக்கத்தில் நின்று "ஊதுங்கண்ணா, இன்னும், இன்னும்" என்று கத்தத் தெரிய வேண்டும். அவளுக்கு அது நன்றாக வருகிறது.

உன் துறையில், ஸ்பைரோமீட்டர் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் 3 லிட்டர் கேலிப்ரேஷன் சிரிஞ்ச் இரண்டு இருந்ததே, ஒன்றைச் சில மாதத்துக்குத் தர முடியுமா? எச்.ஓ.டி.யிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
மீனா