பந்தலுக்கு வலை அனுப்புகிறேன்

களுவாஞ்சிக்குடி
புரட்டாசி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் நாலு தரம் "அம்மா" என்கிறார், அவ்வளவுதான். மருமகளையும் சின்னவனையும் நான் கேட்டதாகச் சொல்.

வளவில் பந்தல் போடப் போகிறேன், இரும்புக் கடையில் பச்சைப் பெயின்ட் அடித்த சட்டம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னாயே, அதை வாங்கிவிடாதே. போனில் சொன்னால் "ஓமம்மா, ஓமம்மா" என்றுவிட்டு உன் பாட்டுக்குச் செய்வாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த விலை கேட்டு எனக்குத் தலை சுற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும். சும்மா தந்தாலும் அது கொடிக்கு உதவாது. கொடிகள் எல்லாம் ஒரே மாதிரி ஏறுவதில்லை. பயிற்றங்காய் தண்டாலேயே சுற்றிக்கொண்டு போகும். ஒரு கயிற்றைத் தொங்கவிட்டால் போதும், விடியும்போது இன்னொரு சுற்று ஏறியிருக்கும். சிறகவரையும் அப்படித்தான். பாகல், புடலை, பீர்க்கு, சுரை எல்லாம் வேறு சாதி. கணுவிலிருந்து மெல்லிய சுருள் ஒன்று புறப்பட்டுக் காற்றில் துழாவும். எதிலாவது முட்டினால் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகுதான் வேடிக்கை. நடுப்பகுதி ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு கொடியைத் தன் பக்கம் இழுக்கும். சின்னவனைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டு. பாதிச் சுருள் ஒரு பக்கமாகவும் மற்றப் பாதி எதிர்ப் பக்கமாகவும் முறுக்கியிருக்கும், திரும்புகிற இடம் கண்ணுக்கே தெரியும். காற்று ஆட்டும்போது கொடி அறாமல் நீண்டு சுருங்குவது அதனால்தான்.

அந்தச் சுருளுக்குச் சுண்டுவிரல் மொத்தமே அதிகம். இரண்டு அங்குலக் குழாயை அது எப்படிப் பிடிக்கும்? வழுக்கி வழுக்கிக் கீழே குவிந்து கிடக்கும், நீ ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிக்கொண்டு இருப்பாய். மெல்லிய கயிறு, வலை, காய்ந்த மரக்கொப்பு, இவைதான் அதற்குச் சொந்தக்காரர். அதனால் கொடி தொடுகிற இடத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காசும் கவனமும் போக வேண்டியது மூலைக் கம்புக்கும் மேலே ஓடுகிற கம்பிக்கும். பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும். இலை தழைத்துக் காயும் தொங்கி அதன்மேல் ஒரு மழையும் பெய்து நனைந்தால் பந்தல் என்ன கனம் கனக்கும் என்று நீ இன்னும் பார்க்கவில்லை.

கம்புக்குச் சீமைக்கிளுவையை விட்டால் வேறு இல்லை, வேலியில் நிற்கிற அந்தக் கிளிரிசிடியாதான். மணிக்கட்டு மொத்தத்தில், எட்டடி நீளத்தில் வெட்டு. யாரிடம் கேட்டாலும் வேலி கழிக்கிற நேரம் சும்மா தருவார்கள். மழைக்கு முன்னால் நட்டால் வேர் பிடித்து உயிர்க்கம்பாக நின்றுவிடும், கறையான் அண்டாது, அடி உக்காது. தளிர்த்து நிழல் கட்டத் தொடங்கும்போது கொப்பைக் கழித்துக் கொடியின் அடியில் போடு, அதைவிட நல்ல பசளை கடையில் இல்லை. உயிர்க்கம்பு கிடைக்காமல் காய்ந்த கம்புதான் வாய்த்தது என்றால், மண்ணுக்குள் போகிற பகுதியை நெருப்பில் வாட்டிக் கருக்கிவிட்டு நடு. கராஜில் கழிவெண்ணெய் வாங்கிப் பூசலாம் என்று யாராவது சொல்வார்கள். சாப்பிடுகிற காய்க்குக் கீழே அது வேண்டாம்.

முந்தி நம் ஊரில் எல்லோரும் வாவிக்கரைச் சேற்றில் நிற்கிற கண்ணா மரத்தின் கம்பைத்தான் வெட்டுவார்கள். நேராக, உறுதியாக இருக்கும். இப்போது அதை வெட்டினால் வழக்கு. வழக்கு இல்லாவிட்டாலும் இறாலும் மீனும் குஞ்சாக இருந்து வளர்கிற இடத்தை வெட்டிப் புடலங்காய்க்கு முட்டுக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புடலங்காயை இறால் போட்டுத்தானே சமைக்கிறோம்?

குழி தோண்டுவதில் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே கடற்கரை மணல். தோண்டுவது லேசு, நிறுத்துவது பாடு. இரண்டடி இறக்கி, கம்பின் அடியில் குறுக்கே ஒரு தடியைக் கட்டி, உடைந்த செங்கலும் பொச்சுமட்டையும் போட்டு இடித்தால்தான் நிற்கும். வவுனியாவில் அந்தச் செம்மண் இந்தக் காலத்தில் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். முதல் நாள் பின்னேரமே குறித்த இடங்களில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஊறவிடு. காலையில் அலவாங்கால் குத்தினால் விட்டுக் கொடுக்கும். ஒன்றரை அடி இறங்கினால் உனக்குப் போதும். கம்பை வைத்தவுடன் மண்ணை அள்ளிக் கொட்டாதே. நாலு விரற்கிடை மண், ஓர் இடி, மறுபடி மண், மறுபடி இடி. அதில் சோம்பல் பட்டால் மாரியில் கம்பு பல் ஆடுகிற மாதிரி ஆடும்.

வாடகை வீடு என்பதை மறந்துவிடாதே. சுவரில் ஆணி அடிக்கவோ கூரை மரத்தில் கம்பியைக் கட்டவோ போகாதே. பந்தல் தன் காலில் தானே நிற்கட்டும்.

பத்தடிக்கு ஆறடி போதும். மூலைக்கு ஒன்றாக நாலு கம்பு, நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. மேலே சுற்றிவரக் கம்பி, குறுக்கே இரண்டு ஓட்டம். கட்டுக்கம்பி வாங்காதே, அது ஒரு மாரிக்கே துருப்பிடித்து அறும். துத்தநாகம் பூசிய வேலிக் கம்பியாக வாங்கு. கையால் இழுத்து விறைப்பாக்க முடியாது. கம்பியை இரட்டையாக ஓட்டி, நடுவில் ஒரு சிறு தடியைச் செருகி முறுக்கு. முறுக்க முறுக்க இறுகும். பிறகு தடி திரும்பிவிடாமல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடு. அடுத்த மாதம் தொய்ந்தால் இன்னும் இரண்டு முறுக்கு. ஆனால் இந்த இழுவையில் மூலைக் கம்பு உள்பக்கம் சாயப் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு மூலையிலிருந்தும் வெளிப்பக்கமாக ஒரு கயிறு இழுத்து முளை அடித்துக் கட்டு. கல்யாண வீட்டுப் பந்தலுக்குக் கட்டுவார்களே, அதேதான். சின்னவன் ஓடி விளையாடுகிற பக்கத்துக் கயிற்றில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிடு.

உயரம் எவ்வளவு என்று கேட்டாய். மருமகளைக் கையைத் தூக்கி நிற்கச் சொல். அவளுடைய மணிக்கட்டு எட்டுகிற உயரம்தான் பந்தல். நீ அளந்து உன் உயரத்துக்குப் போட்டால் காய் பறிக்க அவள் ஒவ்வொரு நாளும் நாற்காலி தூக்க வேண்டும். நீ பறிப்பாய் என்று சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியும்.

பயிற்றங்காய்க்குப் பந்தல் தேவையில்லை. மதில் ஓரமாக இரண்டு கம்பு நட்டு, மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இடையில் சாணுக்கு ஒன்றாகத் தும்புக் கயிறு. அவ்வளவுதான். இதற்கு நைலோன் வேண்டாம். காய்ப்பு முடிந்த பிறகு காய்ந்த கொடியைக் கயிற்றிலிருந்து பிரிக்கிற வேலை இருக்கிறதே, அதைச் செய்தவருக்குத்தான் தெரியும். தும்புக் கயிறு என்றால் கொடியோடு சேர்த்து அறுத்துக் குப்பைக் குழியில் போட்டுவிடலாம், எல்லாம் சேர்ந்து உக்கிவிடும்.

இப்படி நிமிர்ந்து நிற்கிற வேலிப் பந்தலை வடக்குத் தெற்காகப் போட்டால் காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் படும். சரிதான். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வந்து நேரே முகத்தில் அறையும். இலை நிறைந்த வேலி பாய் விரித்த தோணிதான். கம்பு உறுதி என்றால் வடக்குத் தெற்கு, சந்தேகம் என்றால் கிழக்கு மேற்கு. கொஞ்ச வெயில் குறைந்தால் குறையட்டும். தட்டைப் பந்தலுக்கு இந்தக் கவலை இல்லை, காற்று மேலாலும் கீழாலும் போய்விடும். 78ஆம் ஆண்டு நவம்பரில் வந்த சூறாவளியில் தென்னையே முறிந்து விழுந்த ஊர் இது. அந்த மாதிரிக் காற்றுக்குப் பந்தல் எந்த மூலைக்கு? அதை நினைத்துக்கொண்டு கொங்கிறீட் போட்டுக் காசைக் கொட்டாதே. கச்சானையும் மார்கழி வாடையையும் தாங்கினால் போதும்.

இனி வலை. இங்கே கடற்கரையில் கிழிந்த வலை கேட்பாரற்றுக் கிடக்கிறது. பந்தலுக்குப் போதுமான ஒரு துண்டு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஈயக்குண்டையும் மிதவையையும் அறுத்து எடுத்தாயிற்று. கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போக அலசிக் காயப்போட்டும் விட்டேன். நாலு விரல் தாராளமாக நுழைகிற கண் உள்ள வலை. வேண்டுமென்றேதான் பெரிய கண் பார்த்து எடுத்தேன். சின்னக் கண் வலையில், அதுவும் ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலையில், சாரைப்பாம்பு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது, வெயிலில் கிடந்து சாகும். எலி பிடிக்கிற பிராணி, பாவம். குருவிகளும் அப்படித்தான். அதே காரணத்துக்காக வலையைத் தரைவரை தொங்கவிடாதே. மேலே மட்டும் விரித்து ஓரத்தைக் கம்பியோடு கட்டு. மிஞ்சுவதை வெட்டி எடுத்துவிடு. கீழிருந்து ஏறுவதற்குக் கொடிக்கு ஒரு கொப்பு ஊன்றினால் போதும்.

பந்தல் முழுக்க முடிந்த பிறகுதான் விதை. கொடி ஓடத் தொடங்கிய பிறகு அலவாங்கோடு போய் நின்றால் வேரை அறுப்பாய். ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்தவுடன் போடு. குழிக்குக் குழி நாலடி. குழி என்று சொல்கிறேனே தவிர, மாரிக்கு அதை மண் அணைத்து மேடாக்கு, தண்ணீர் தேங்கினால் அடி அழுகும். எரு எவ்வளவு என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீ சுமக்காததா?

கொடி எழும்பியதும் தண்டு ஒன்றை மட்டும் மேலே விடு. பந்தலைத் தொடும்வரை பக்கத்தில் வருகிற கிளைகளைக் கிள்ளி எடு. மேலே ஏறி ஒரு முழம் ஓடிய பிறகு நுனியைக் கிள்ளிவிடு. அப்போதுதான் பக்கக் கிளை வெடித்துப் பந்தல் நிறையும், காய் அதிகம் பிடிப்பதும் அந்தக் கிளைகளில்தான். கம்போடு கட்டும்போது இறுக்காதே. களுதாவளை வெற்றிலைத் தோட்டத்தில் வாழை நாரால் கட்டுவதைப் பார்த்திருக்கிறாய். 8 என்று எழுதுகிற மாதிரி, ஒரு வளையத்துக்குள் கம்பு, மற்றதற்குள் கொடி. கொடியின் வளையத்துக்குள் உன் விரல் போக வேண்டும், தண்டு பருக்க இடம் வேண்டாமா?

முதலில் பூப்பதெல்லாம் ஆண் பூ. "பூக்குது, காய்க்குதில்லை" என்று எனக்குப் போன் எடுக்காதே. பொறுத்திரு. பின்னால் வருகிற பெண் பூவின் கீழே கடுகு மாதிரியோ ஈர்க்கு மாதிரியோ குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். பாகல் காலையில் பூக்கும், தேனீ வந்து வேலையைப் பார்த்துவிடும். பீர்க்கு பின்னேரம் விரியும். புடலை இருட்டிய பிறகு விரிகிற பூ, ஓரமெல்லாம் வெள்ளை நூல் பிரிந்த மாதிரி இருக்கும். டோர்ச் அடித்து ஒரு நாள் பார், அவ்வளவு அழகு. பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தால் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழை நீக்கிப் பெண் பூவில் தொட்டுவிடு.

பழ ஈக்குப் பயந்து மருந்து அடிக்காதே. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய பேப்பரைக் குழலாகச் சுற்றிக் காம்பில் கட்டிவிடு. புழு விழுந்த காயைக் கொடியின் கீழே விட்டு வைக்காமல் ஆழமாகப் புதைத்துவிடு. நீட்டுப் புடலங்காய் வளைந்தால் நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடு. உனக்கு நான் அனுப்புவது குட்டைப் புடலை, அதற்குக் கல் தேவையில்லை, உன் பந்தல் உயரத்துக்கும் அதுதான் சரி.

வலை மூட்டையை வருகிற வெள்ளிக்கிழமை வவுனியா பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பஸ் வெளிக்கிட்டதும் போன் எடுப்பேன், நீயே ஸ்டாண்டுக்குப் போய் இறக்கு, யாரையும் அனுப்பாதே. மூட்டைக்குள் கடுதாசியில் மடித்து விதை இருக்கிறது. பாகல் விதையின் தோல் தடிப்பு. ஓர் இரவு வெந்நீர் சூடாறிய தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத் துணியில் முடிந்து, முளை தலைகாட்டிய பிறகு போடு. கம்பியை மட்டும் அங்கே வாங்கு, இங்கேயிருந்து அனுப்பினால் மூட்டையைக் கிழித்துக்கொண்டு வரும்.

இப்படிக்கு,
அம்மா

அப்பா சொல்கிறார்: அலவாங்கை இரவல் வாங்கினால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கட்டுமாம்.