மூன்று படி, ஒரு ஹைட்ரன்ட் மூடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீத்தொண்டு வாரத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட புதுத் தீயணைப்பு வண்டிகளின் படத்தைப் பேரன் காட்டினான். "தாத்தா, உன் வண்டி." என் வண்டி இல்லை. நான் ஓட்டியதற்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது, எம்.சி. ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

புது வண்டிகள் வரட்டும், சந்தோஷம். ஆனால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வாட்டர் டெண்டர் என்று சொல்லும் வழக்கமான தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். பம்ப் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளும். முழு வேகத்தில் விட்டால் இரண்டரை நிமிடத்தில் டேங்க் காலி. அதனால் ஒரே பிராஞ்சை, அதாவது ஓஸின் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழாயைப் பிடித்து, சிக்கனமாகத்தான் அடிப்போம். அப்போதும் டிரைவரின் கண் தீயில் இருக்காது, தண்ணீர் அளவிலேயே இருக்கும். அடுத்த தண்ணீர் எங்கே என்பதுதான் அவன் கவலை.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணி குடோன் ராத்திரி இரண்டு மணிக்குப் பிடித்துக்கொண்டது. சந்தில் இருபுறமும் பைக். வண்டி நுழையவில்லை. தெருமுனையில் நிறுத்தி, நாலு ஓஸை இணைத்து இழுத்துக்கொண்டு ஓடினோம். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியதும், பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஹைட்ரன்ட், அதாவது தெருவுக்கடியில் போகும் குடிநீர்க் குழாயில் எங்கள் ஓஸை மாட்டுகிற வாய், இருக்கிறது என்று நான்தான் கடப்பாரையோடு போனேன். சின்ன வயதில் அதன் இரும்பு மூடி மேல் நின்று கோலி ஆடியவன் நான். இடம் தப்பாது. ஆனால் மூடியைக் காணோம், தார்தான் இருந்தது. குத்தக் குத்தத் தார்.

தண்ணீர் லாரி வந்து சேர இருபது நிமிடம். உயிருக்குச் சேதமில்லை. தீபாவளிக்கு வந்த சரக்கு முழுக்கப் போயிற்று. அந்தக் கடைக்காரர் நடுரோட்டில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது. இப்போது ஒன்றுதான் தெரிகிறது. ரோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே சொன்னார். சுரண்டுகிற இடத்தில் சுரண்டுகிறார்கள். சந்துக்குள் யார் வந்து பார்க்கிறார்கள்?

மூடியைத் திறந்தாலும் குழாயில் தண்ணீர் இருக்குமா என்று கேட்பீர்கள். நியாயம்தான், நாள் முழுக்கவா குழாயில் தண்ணீர் வருகிறது? அப்படியென்றால் வார்டுக்கு ஒரு நிலத்தடித் தொட்டியாவது வேண்டும், எங்கள் சக்ஷன் ஓஸ் இறங்குகிற மாதிரி வாய் வைத்து. காசிமேட்டில் கடலிலேயே ஓஸைப் போட்டு உறிஞ்சலாம். அப்புறம் பம்பை நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் உப்பு தின்றுவிடும், அது வேறு வேலை. ஊருக்குள் இருக்கிறவனுக்குக் கடல் எதற்கு உதவும்?

1944-ல் பம்பாய் துறைமுகத்தில் இறந்த 66 தீயணைப்பு வீரர்களுக்காகத்தான் வருடாவருடம் ஏப்ரல் 14 அன்று மலர்வளையம் வைக்கிறோம். வைத்த கையோடு தெருவுக்கு ஒரு மூடியையும் தேடிப் பார்க்கலாம். நான் சொன்ன மூடி கோயில் படியிலிருந்து ஏழு அடி, கரண்ட் பெட்டிக்கு நேராக இருக்கிறது. யாராவது கடப்பாரையோடு வந்தால் காட்டுகிறேன். காலையிலேயே வந்தால் நல்லது, பதினோரு மணிக்கு மேல் எனக்கு வெயில் ஆகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பு வண்டி ஓட்டுநர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.