ஆய்வகக் கையேட்டில் பதிப்பு எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் பட்டதாரிகளுக்கு வேலைக்கு வேண்டிய திறன் இல்லை என்று வருந்தும் கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பழி முழுவதையும் மாணவர்கள் தலையில் கட்டியிருந்தது மனத்தைச் சுட்டது. கோவையில், ஜாவா வேலைக்குப் புதிதாகச் சேருபவர்களைப் பழக்குவது என் பணி. அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அன்றாடம் அருகிலிருந்து பார்க்கிறேன்.

சர்வ்லெட் (உலாவியின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) ஆய்வகம் எப்படி நடந்தது என்பது அவர்களுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். நிரலைக் கம்பைல் செய்து, கிளாஸ் கோப்பை, சர்வ்லெட்டுகளை இயக்கும் சர்வரான டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள் கையால் நகலெடுத்து, வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் சர்வ்லெட்டுக்கு உரிய முகவரியை எழுதி, சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். நிரலிலேயே கிளாஸுக்கு மேலே அன்னொட்டேஷன் என்ற குறிப்பு வரி ஒன்று எழுதினாலே முகவரி கிடைத்துவிடும் என்ற வசதி சர்வ்லெட் 3.0 வழியாக 2009-லேயே வந்துவிட்டது. வெப்.எக்ஸ்எம்எல் கற்பிப்பதை நான் குறை சொல்லவில்லை. பழைய பயன்பாடுகள் பலவற்றில் அது இன்றும் இருக்கிறது. நிரலைக் கம்பைல் செய்து தொகுத்துத் தரும் கருவிகளான மேவன், கிரேடில் என்ற பெயர்களைக்கூடக் காதில் போடாமல் பட்டம் கொடுத்து அனுப்புவதுதான் அநியாயம்.

அண்மையில் சேர்ந்த இளம்பெண் ஒருவர் கல்லூரிக் கையேட்டில் இருந்த நிரலை அப்படியே எழுதினார். மேவன் பில்டு பிழையின்றி முடிந்தது, சர்வரில் ஏற்றுவதற்கான தொகுப்பான வார் கோப்பு உருவானது, டாம்கேட் 10 அதை ஏற்றுக்கொண்டது. உலாவியில் முகவரியைக் கொடுத்தால் 404, அதாவது பக்கம் இல்லை என்ற பிழை. எழுத்துப்பிழை எங்கே என்று தேடியே அவருக்குக் காலைப்பொழுது போயிற்று. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. சர்வ்லெட்டும் அடங்கிய ஜாவா இஇ என்ற தொகுப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக 2017-ல் ஆரக்கிள் அறிவித்தது. அதையொட்டி 2020-ல், ஜகார்த்தா இஇ என்று பெயர் மாறிய அதன் 9-ஆம் பதிப்பு வந்தபோது, 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய சர்வ்லெட் பேக்கேஜ் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். தேவையான நூலகங்களை மேவனுக்குச் சொல்லும் பாம் கோப்பில் பழைய நூலகம் இருந்ததால் கம்பைலருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. டாம்கேட் 10 புதிய பெயர் கொண்ட அன்னொட்டேஷனை மட்டுமே தேடும். பழையதை அது பொருட்படுத்தவில்லை; முகவரி பதிவாகவே இல்லை; சர்வரின் லாக் பதிவிலும் ஒரு எச்சரிக்கை இல்லை. இம்போர்ட் வரிகளையும் பாம் கோப்பின் நூலக வரியையும் மாற்றியதும் பக்கம் வந்தது. எந்த டாம்கேட்டுக்காக அந்தப் பயிற்சி எழுதப்பட்டது என்று கையேட்டில் ஓர் எண் அச்சாகியிருந்தால் அந்தப் பெண் தன்னையே சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

இன்னொரு 404-உம் உண்டு. மேவன் உருவாக்கும் வார் கோப்பின் பெயரில் '1.0-ஸ்னாப்ஷாட்' போன்ற பதிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். டாம்கேட்டோ அந்தப் பெயரையே முகவரியின் முதல் பகுதியாக எடுத்துக்கொள்ளும். பாம் கோப்பில் ஃபைனல்நேம் என்ற ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. தேர்வில் சர்வ்லெட்டின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து விளக்கச் சொல்கிறார்கள், சரி. சர்வ்லெட்டுக்கு முகவரியாக '/' என்று கொடுப்பதற்கும் '/*' என்று கொடுப்பதற்கும் என்ன வேறுபாடு என்று ஏன் கேட்பதில்லை? இரண்டாவதைக் கொடுத்தால் ஜேஎஸ்பி (ஜாவா கலந்த வலைப்பக்கம்) பக்கங்களுக்கான கோரிக்கைகளும் அதே சர்வ்லெட்டிடம் வந்து நிற்கும். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே தேவைப்படும் அறிவு இது.

இதைச் சொன்னால் பேராசிரிய நண்பர்கள் ஒரு தடையைச் சொல்கிறார்கள்: மேவனுக்கு இணையம் வேண்டும், செய்முறைத் தேர்வில் இணையத்துக்கு அனுமதி இல்லை. நியாயமான கவலைதான், ஆனால் வழி இருக்கிறது. தேர்வுக்கு முன் ஒவ்வொரு கணினியிலும் அதே பாம் கோப்பைக் கொண்டு ஒருமுறை முழுமையாக பில்டு செய்துவிட்டால், நூலகங்களும் ப்ளகின்களும் கணினியிலேயே சேமிக்கப்பட்டுவிடும். பிறகு ஆஃப்லைன் முறையில் இயக்கிக்கொள்ளலாம். மேவனும் டாம்கேட்டும் அப்பாச்சி அறக்கட்டளை இலவசமாகத் தருபவை. கல்லூரிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

பாடத்திட்டக் குழுவினரிடம் நான் வேண்டுவது இதுதான்: அடுத்த கல்வியாண்டுக்கான கையேடு அச்சுக்குப் போகுமுன், ஜாவா, டாம்கேட், சர்வ்லெட் ஆகிய மூன்றின் பதிப்பு எண்களையும் முதல் பக்கத்தில் போடுங்கள். சர்வ்லெட் பயிற்சிகளில் ஒன்றையாவது பாம் கோப்பிலிருந்து தொடங்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.