வாய்க்கால் கரை எருக்கை ஒரே நாளில் வெட்டாதீர்கள்

எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை வாய்க்கால் கரையில் புதர்களை அகற்றினீர்கள். மழைக்கு முன்னால் தண்ணீர் ஓட வழி வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பால் வடியக் குவிந்து கிடந்த எருக்கங்கிளைகளைப் புரட்டிப் பார்த்தபோது மனம் பதறிவிட்டது. இலைக்கு இலை புழுக்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள். முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகள். வாடிய இலையையும் விடாமல் இரண்டு கொறித்துக்கொண்டிருந்தன.

இவை வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள். ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பறக்கும் இனம் இது. எகிப்தின் லக்சரில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய சுவரோவியத்திலும் இருக்கிறது. அழியும் இனங்களின் சர்வதேசப் பட்டியலில் இதற்கு ஆபத்து குறைவு என்றே குறித்திருக்கிறார்கள். நம் கரையில் அது நிலைக்க எருக்கு வேண்டும். தாய்ப்பூச்சி இலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரிந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும், பிறகு இலையை. ஆடு மாடு தொடாத அந்தப் பாலின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை அந்தச் செம்மஞ்சள் இறகை மறக்காது.

இந்த அச்சத்தை நம்பி இன்னொரு இனமும் வாழ்கிறது. நஞ்சே இல்லாத அந்தப் பட்டாம்பூச்சியின் பெண், வெந்தய வரியனைப் போலவே வேடமிட்டுத் தப்பிக்கும். அதற்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் கொடுத்தோம். அது யாரைப் பார்த்து வேடமிடுகிறதோ அந்த இனத்தின் செடியைக் களை என்று வெட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே செடியின் பூவைத்தான் பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டுகிறோம்.

நான் கேட்பது இதுதான். இந்த முறை ஒரு கரையை வெட்டுங்கள், மறுகரையை விட்டுவையுங்கள். எருக்கு வேரிலிருந்து மறுபடி தழைக்கும். புதுத்தளிர் வந்த பிறகு அடுத்த கரைக்குப் போகலாம். தண்ணீரை மறிக்காத மேட்டுச் செடிகளைத் தொடவே வேண்டாம். வெட்டும் நாளை முன்கூட்டிச் சொன்னால் நானும் வருகிறேன். புழு இருக்கும் கிளைகளை நிற்கும் செடிகளின் மேல் சாய்த்துவைத்தால் போதும், அவை தாமாக ஏறிக்கொள்ளும்.

செவ்வாயன்று நான் எடுத்துவந்த புழுக்களில் மூன்று கூட்டுப்புழுவாகிவிட்டன. வெளிர்பச்சை நிறத்தில், பொன்புள்ளிகளோடு, எங்கள் வீட்டுத் திண்ணையில் தொங்குகின்றன. இந்த வாரத்துக்குள் இறகு விரிக்கும். வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
வாய்க்கால் தெருவில் குடியிருப்பவள்