ஸ்ப்ரிங் கிரீக் ஓடையிலிருந்து, மகனுக்கு

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று பென்சில்வேனியாவில் பெல்ஃபான்ட் ஊர்ப் பக்கத்தில் ஸ்ப்ரிங் கிரீக்கில் மீன் பிடிக்கப் போயிருந்தேன். போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

மதியம் மீன் எதுவும் மேலே வரவில்லை. கரையோரக் கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் மேஃப்ளையின் இளம்பூச்சிகள் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தன. கிட்டத்தட்ட ஒரு வருஷம் தண்ணீருக்குள்ளேயே வளர்கிற பூச்சி, சிறகு முளைத்தபின் ஓரிரு நாள்தான் உயிரோடு இருக்கும். இரை தின்ன உதவுகிற வாய்கூட அதற்கு இருக்காது. இப்போது சல்ஃபர் என்று இங்கே சொல்கிற வெளிர்மஞ்சள் பூச்சியின் பருவம்.

வெயில் தணிந்ததும் அவை கிளம்பின. மழை விட்ட சாயங்காலம் ஊரில் ஈசல் கிளம்புமே, அப்படி. அதுவரை வெறிச்சென்று இருந்த ஓடையில், மீன்கள் மேலே வந்து பூச்சியைக் கவ்வும் வட்டங்கள் அங்கங்கே. ட்ரவுட் மீன் நீரோட்டத்தை எதிர்த்து நின்றுதான் இரை தேடும். அதனால் பின்னாலிருந்து, கீழ்ப்பக்கமாக நெருங்கினேன்.

ஃப்ளை ஃபிஷிங் என்கிற இந்த முறையில் தூண்டில் முனையில் பாரமே கிடையாது கண்ணா. முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி மாதிரி செய்த சின்ன ஃப்ளைதான். லைனின் கனம்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நடு ஓடையில் வேகம், ஓரத்தில் மந்தம். லைன் வேகமான நீரில் மாட்டினால் ஃப்ளையை இழுத்துவிடும். நிஜப் பூச்சி அப்படி ஓடாது என்று மீனுக்குத் தெரியும். லைனை நீரோட்டத்தின் மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டு, ஃப்ளை தானாக மிதக்கும்படி விட்டேன். ஒரு மூக்கு தெரிந்தது, ஃப்ளை காணாமல் போனது.

பிரவுன் ட்ரவுட். விலாவில் சிவப்புப் புள்ளிகள், சுற்றிலும் வெளிர் வளையம். கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே பிடித்து, முள்ளைக் கழற்றினேன். உலர்ந்த கை பட்டால் அதன் மேல்வழுவழுப்பு உரிந்துவிடும். கொஞ்ச நேரம் என் விரல்களுக்கிடையில் மூச்சு வாங்கிவிட்டுப் போய்விட்டது.

"குழம்புக்கு ஆகாத மீனை எதுக்கும்மா பிடிக்கிறே?" என்று கேட்டாய் அல்லவா? ஒரு காலத்தில் இந்த ஓடையில் ரசாயனக் கழிவு கலந்து, மீன் தின்னத் தகாததாகியிருந்தது. 1982 முதல் பிடித்ததைக் கொண்டுபோகக் கூடாது என்று விதி. பண்ணை மீன்களைக் கொண்டுவந்து விடுவதையும் நிறுத்தினார்கள். மிஞ்சியிருந்த மீன்கள் அவையாகவே முட்டையிட்டுப் பெருகின. சுண்ணாம்புப் பாறை ஊற்றுத் தண்ணீர், கோடையிலும் குளிர்ச்சி. ட்ரவுட்டுக்கு அதுதான் உயிர். நேற்று என் கையில் இருந்தது யாரும் கொண்டுவந்து விட்டதல்ல, இங்கேயே பிறந்தது. அதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது, குழம்பு கிடக்கட்டும்.

இதே ஓடையில் 1934-ல் திறந்த ஃபிஷர்மன்ஸ் பாரடைஸ் என்ற மீன்பிடி பகுதிக்கு உன்னைக் கூட்டிப்போக ஆசை. அங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது, கரையில் நின்றே பிடிக்கலாம். புதிதாகக் கற்கிறவனுக்கு வசதி.

சல்ஃபர் ஜூன் நடுவரை இருக்கும். அதற்குள் லீவு கிடைக்காவிட்டால் ஆகஸ்டில் வா. அப்போது ட்ரைக்கோ என்ற பொடிப்பூச்சி. ஆனால் காலையிலேயே எழுந்திருக்க வேண்டும், சரியா? எந்த வாரம் என்று சொல், உனக்கும் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா